பயறு கட்டிவந்த துணி

நூலகத்தின் விசாரணை மேசையில் நான் உட்கார்ந்திருந்த வருடங்களில், தனக்கு நோய் என்று யாருமே என்னிடம் சொன்னதில்லை. நோய் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான். இல்லையென்றால் கூட வேலை பார்ப்பவருக்கு. ஒரு பெரியவர் மூலநோயைப் பற்றிப் புத்தகம் கேட்டார். எடுத்துக் கொடுத்து நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நின்றுகொண்டே கடைசிப் பக்கம் வரை படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "என் கூட்டாளிகிட்ட சொல்லிடுறேன்" என்றார். நானும் சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வேலையில் முதலில் பழக வேண்டியது அதுதான்.

எண்பதுகளில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரின் தமிழ்க் கடைத்தெருவான சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் எங்கள் நூலகம் இருந்தது. விசாரணை மேசையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் வேட்டி, கைலி, பூப்போட்ட சேலை என்று யார் படியேறி வந்தாலும் கீழே இருந்த காவலாளி என்னை நோக்கிக் கையைக் காட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோவில் வாசலிலும் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவிலிருந்து வந்த வாரப் பத்திரிகையைக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். சர்க்கரை நோய்க்கு இந்தக் கீரை, ஆஸ்துமாவுக்கு அந்த மீன் என்று அதில் போட்டிருக்கும். "இது நெசமாம்மா?" என்பார்கள். பத்திரிகைக்காரனுக்கே தெரியாததை என்னைக் கேட்கிறார்களே என்று எரிச்சலாக வரும். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு, ஊரறிந்த விஷயம்.

எங்கள் மேசைக்குத் தலைவியாக இருந்தவர் ஒரு சீனப் பெண்மணி. மெலிந்த உடம்பு, காலர் வைத்த சட்டை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு புத்தகம் சொல்வதை இன்னொரு புத்தகமும் சொன்னால்தான் அது பதில். அதுவரை அது வெறும் பேச்சு. இரண்டாவது, பக்கத்தைக் காட்டு, உன் கருத்தைச் சொல்லாதே. "நாம் டாக்டர் இல்லை" என்பார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் நான் குரலை உயர்த்தியபோது, அவர் போன பிறகு மேடம் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமலே நன்றாகத் திட்டினார்.

அந்தக் கண்ணாடி அறையில்தான் புதிதாக வந்த கணினி இருந்தது. தொலைபேசி வழியாகக் கடல் கடந்து எங்கேயோ இருக்கிற இன்னொரு கணினியைக் கூப்பிட்டு, மருத்துவப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் தேடித் தரும். இணைப்பு கிடைக்கும்போது கீச்சென்று ஆரம்பித்து, இழுத்து, கரகரத்து ஓயும். நான் அதற்குப் பாகவதர் என்று பெயர் வைத்திருந்தேன். நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏறுமென்பதால் பாகவதரை யாரும் சும்மா பாடவிட முடியாது. கேள்வியை முன்கூட்டியே எழுதி, மேலே அனுப்பி, அனுமதி வந்த பிறகுதான் மேடம் போய் உட்காருவார். அவர் ஒருவருக்குத்தான் அதை இயக்கத் தெரியும்.

ஒரு நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு வந்த தூக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் நேராக என் மேசைக்கு வந்தார். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடையில் வேலை, நகத்திலெல்லாம் கிரீஸ். கையில் ஒரு துணி மூட்டை. வழக்கமான கூட்டாளியையோ பக்கத்து வீட்டையோ அவர் இழுக்கவில்லை.

"அக்கா, என் மகனுக்கு ஜி சிக்ஸ் பி டி. என் ஒய்ஃப் சாம்பாருக்கு அழுறா" என்றார்.

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். நான் முழித்தேன்.

அவரை உட்காரவைத்துக் கேட்டதில் விஷயம் புரிந்தது. முதல் குழந்தை, ஆண். பிறந்ததும் ரத்தத்தைச் சோதித்ததில், ரத்த அணுக்களுக்குள் இருக்க வேண்டிய ஒரு பொருள் அவனுக்குக் குறைவு என்று தெரிந்திருக்கிறது. சாதாரணமாக ஒன்றும் ஆகாது. ஆனால் சில மருந்துகளும் சில பண்டங்களும் பட்டால் ரத்த அணுக்கள் உடைந்து பிள்ளை மஞ்சளாகிவிடும். மஞ்சள் அளவு மீறினால் மூளையைத் தொடும். இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்கள் பலருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். மருத்துவமனையில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஆகாதவற்றையெல்லாம் விளக்கமாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்று, ஒரு வகை பீன்ஸ். பால் கொடுக்கும் தாயும் அதைச் சாப்பிடக் கூடாது.

"எந்த பீன்ஸ்னு எங்களுக்குத் தெரியலக்கா. அதனால எல்லாத்தையும் நிப்பாட்டிட்டோம். பருப்பு இல்ல, இட்லி இல்ல, தோசை இல்ல, சோயா பீன்ஸ் தவ்வுகூட இல்ல. சோறும் ரசமும்தான். ரசத்துக்கும் பருப்பு இல்ல. அவ எளைச்சுப் போயிட்டா."

இதைச் சொல்லிவிட்டு மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள். சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கி ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வாங்கியிருக்கிறார். துவரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, பட்டாணி, கொள்ளு. எந்தக் கேள்வியும் இவ்வளவு ஒழுங்காக என் மேசைக்கு வந்ததில்லை. "இதுல எதுன்னு மட்டும் காட்டுங்கக்கா போதும்" என்றார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தடித்த மருத்துவப் புத்தகம் ஒன்றையும் தாவரப் படங்கள் உள்ள இன்னொன்றையும் எடுத்து வந்தேன். இரண்டும் ஒரே பயற்றைத்தான் சொல்லின. படத்தில் அது கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையாக இருந்தது. அவர் கொண்டுவந்த எதுவும் அது இல்லை. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். சினிமாக் கொட்டகை வாசலில் நம் கச்சாங் பூத்தேக்காரர் காகிதக் கூம்பில் போட்டு விற்பாரே, அதில் கடுக்கென்று பல்லை உடைக்கும் பெரிய கொட்டை, அதுதான்.

"கச்சாங் பூத்தேயா?" என்று அவர் வாயைப் பிளந்தார். "அதை யாருக்கா பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கப்போறா!"

இருவரும் சிரித்தோம். நூலகம் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் மனைவிக்குச் சாம்பார் கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பத்தியில் ஆகாத மருந்துகள் இருந்தன. அதற்கும் கீழே, துணிகளுக்கு இடையில் போடுகிற அந்துருண்டை.

"வீட்டுல அந்துருண்டை இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லக்கா. ஆஸ்பத்திரியில தெளிவாச் சொல்லிட்டாங்க. அலமாரி, டாய்லெட் எல்லாத்துலேருந்தும் எடுத்துத் தூக்கிப் போட்டாச்சு. அலமாரியை டெட்டால் போட்டுத் தொடைச்சேன்" என்றார் பெருமையாக.

ஆனால் அந்துருண்டை வாசம் அடித்தது.

முதலில் எங்கள் வாசம் என்றுதான் நினைத்தேன். பழைய புத்தக அலமாரிகளில் பூச்சிக்காக அதைத்தான் போட்டுவைப்போம். வருடக்கணக்காக அந்த நெடியிலேயே இருந்து என் சேலைக்கும் அது பழகியிருந்தது. ஆனால் அலமாரி எனக்குப் பின்னால் தூரத்தில் இருந்தது, வாசமோ முன்னாலிருந்து வந்தது. மேசைமேல் விரித்துக் கிடந்த துணியை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனேன். நைந்து, வெண்ணெய் மாதிரி மிருதுவாகிப்போன பழைய பருத்தித் துணி.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"புள்ளத் துணிக்கா. என் ஒய்ஃபோட அக்கா ஜோகூர்லேருந்து கொண்டாந்தாங்க. அவங்க புள்ளைங்களுக்குப் போட்டது. பெட்டியில பத்திரமா வச்சிருந்தாங்க."

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய துணியைத்தான் முதலில் போட வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இந்துவானாலும் முஸ்லிமானாலும் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களானாலும் இதில் வித்தியாசம் இல்லை. பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடாமல் யார் வைப்பார்கள்? பெட்டியைத் திறந்ததும் உருண்டைகளைப் பொறுக்கி எறிந்திருப்பார்கள். துணியைத் திரும்பத் துவைக்கத் தோன்றியிருக்காது. துவைத்து மடித்து வைத்த துணிதானே.

"பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். 

"நல்ல புள்ளக்கா. அழவே மாட்டான். ரெண்டு நாளாத் தூங்கிக்கிட்டே இருக்கான், எழுப்பிப் பால் குடுத்தாலும் குடிக்க மாட்டேங்குறான். கொஞ்சம் மஞ்சளாத் தெரியுறான், காலையில வெயில்ல காட்டுறோம்."

புத்தகத்தை இழுத்து மறுபடி தேடினேன். புத்தகத்தில் அந்துருண்டை என்று இருந்ததே தவிர, அதோடு கிடந்த துணியைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது புத்தகத்தில் அதுவும் இல்லை. மேடத்தின் முதல் சட்டப்படி இது பதிலே இல்லை. இரண்டாவது சட்டப்படி நான் வாயைத் திறக்கவே கூடாது. திரும்பிப் பார்த்தேன், மேடம் வந்துகொண்டிருந்தார். நூலக மேசைமேல் பயறு பரப்பியதற்குத்தான் வருகிறார் என்று தெரிந்தது. இந்த நேரத்தில் சட்டம் பேசினால் பேசட்டும், இன்று வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்து நின்று, ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் பயற்றைப் பார்க்கவில்லை. துணியை எடுத்தார், முகர்ந்தார். கண்ணாடியைப் போட்டுப் புத்தகத்தில் அந்த வரியைப் படித்தார். பிறகு, பொதுமக்கள் தொடவே கூடாத எங்கள் மேசைத் தொலைபேசியைத் தூக்கி அந்த இளைஞர் முன்னால் வைத்தார்.

"கால் யுவர் ஹவுஸ். பேபி ஹாஸ்பிட்டல் போகணும். செக்காராங்! இப்பவே லா!"

ஆங்கிலம், தமிழ், மலாய் என்று மூன்று மொழிகளில் அவர் கருத்துச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

உட்லண்ட்ஸில் இருந்த அவர்கள் வீட்டில் போனை எடுத்தவர் அந்த அக்காதான், ஜோகூரிலிருந்து பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தவர். இளைஞர் துணியைப் பற்றித் திக்கித் திணறிச் சொன்னார். அந்த அக்காவோ எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நீங்க யாரு? டாக்டரா?" என்றார் அந்தக் குரல்.

"இல்ல. லைப்ரரியில வேலை பாக்குறேன்."

"லைப்ரரியா? என் நாலு புள்ளையும் போட்ட துணி. என் கையால தொவைச்சு வச்சேன். அழுக்குன்னா சொல்றீங்க?"

"அழுக்குன்னு யாரும் சொல்லல! உங்க புள்ளைங்க ரத்தம் வேற, இந்தப் புள்ள ரத்தம் வேற. அந்தத் துணி எல்லாத்தையும் கழட்டுங்க. அலமாரியிலேருந்து எதையும் எடுக்காதீங்க, வெளியில கம்புல காயுற துண்டுல சுத்துங்க. டாக்சி புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாசல்லயே ஜி சிக்ஸ் பி டி, அந்துருண்டைத் துணின்னு சொல்லுங்க. சண்டையை அப்புறமா என்கூடப் போட்டுக்கலாம், நான் இங்கதான் இருப்பேன்!"

மாடி முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன.  மறுமுனையில், "ஏய், அந்தப் புள்ளையத் தூக்குடி" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது. போன் வைக்கப்படவில்லை. எங்கேயோ கீழே தொங்கி இடிக்கிற சத்தம் கேட்டது.

இளைஞர் படிகளில் தாவி இறங்கி ஓடினார். பயறும் துணியும் மேசையிலேயே கிடந்தன.

அதற்குப் பிறகு மேடம் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கேள்வி எழுதவில்லை, அனுமதி கேட்கவில்லை. கண்ணாடி அறைக்குள் போய்ப் பாகவதரை எழுப்பினார். ஓரத்தில் துளை போட்ட காகிதம் வரி வரியாக இறங்கி வந்தது. நாங்கள் தேடியது அதில் இருந்தது. அந்துருண்டையோடு வைத்த துணியைப் போட்டதால் இப்படிப்பட்ட பிள்ளைகள் மஞ்சளானதை மருத்துவர்கள் முன்பே கண்டு எழுதியிருந்தார்கள். மேடம் அதைக் கிழித்து என் முன்னால் வைத்தார். "இப்போது இது பதில்" என்றார். பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்து, குழந்தைகள் வார்டைக் கேட்டு, காகிதத்திலிருந்து படித்துச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த தாதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது, டாக்டர் துணியைப் பற்றி முன்பே கேட்டுவிட்டார், நன்றி என்றாராம். அதற்குமேல் சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்ல முடியுமாம்.

நாங்கள் சொந்தக்காரர்கள் இல்லை. பேர்கூடத் தெரியாது. விசாரணை மேசையில் நாங்கள் யாருடைய பேரையும் கேட்பதில்லை, அதுவும் சட்டம்தான்.

துணியை ஒரு பையில் கட்டி வெளியே குப்பையில் போட்டேன். பயறுகளை எறிய மனம் வரவில்லை, சமைக்கவும் கை வரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தேன். பேனா எடுக்கத் திறக்கும்போதெல்லாம் மொச்சை என்னைப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன். பேர் தெரியாததால் சாம்பார்ப் பிள்ளை என்று சொல்லித்தான் வேண்டினேன். கடவுளுக்குப் புரிந்திருக்கும். ஜாலான் புசார் பக்கம் போய் இரும்புக் கடைகளை எட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும். கெட்ட செய்தியாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்து, பஸ்ஸிலிருந்து இறங்காமலே வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மதியம் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். மேசைமேல் டிபன் கேரியர் வைக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அந்த இளைஞர். பக்கத்தில் வெளிறிப்போன, சிரித்த முகத்துடன் ஒரு பெண், அவர் மனைவி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"ரத்தத்தையே மாத்திட்டாங்கக்கா" என்றார் அவர். "கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தா கஷ்டம்னாங்க. யாரு ரத்தம்னுகூடத் தெரியாது. சீனரோ, மலாய்க்காரரோ, நம்ம ஆளோ. நல்லா இருக்கணும் அவங்க."

மனைவி டிபன் கேரியரை என் பக்கம் தள்ளினார். "சாம்பார்க்கா. துவரம்பருப்புப் போட்டது."

மேடத்தைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். அவர் ஏற்கெனவே கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் எனக்குக் கிடைத்ததற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டால், என் நினைவில் முதலில் வருவது அந்தப் பெண்மணிதான். பிறகு, போனில் பொறுமையாகக் கேட்ட அந்தத் தாதி, பாகவதர், யாரென்றே தெரியாமல் ரத்தம் கொடுத்தவர்.

நான் இழுப்பறையைத் திறந்து பயறுப் பைகளை எடுத்து அந்த இளைஞரிடம் கொடுத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், யாரும் அடக்கச் சொல்லவில்லை.

அப்போதுதான் பின்னால், படியோரத் தூண் அருகில், இன்னொரு பெண் நிற்பதைப் பார்த்தேன். நடுத்தர வயது, தோளில் பிள்ளை. கிட்டே வராமல் நின்றார். பிள்ளை போட்டிருந்தது புத்தம் புதுச் சட்டை. கடை மடிப்புகூடக் கலையவில்லை, கஞ்சி மொடமொடத்தது.

"அக்கா, வாங்க. இவங்கதான்" என்று அவரை அழைத்து என்னைக் காட்டினார் மனைவி.

அவர் மெதுவாக வந்தார். "நான்தான் போன்ல…" என்று ஆரம்பித்தார். குரலை உடனே அடையாளம் தெரிந்தது. நான் போட்ட கூச்சல் எல்லாம் நினைவுக்கு வந்தது.  அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, அவனுடைய கன்னத்தை லேசாகக் கீழே இழுத்துக் கண்ணின் வெள்ளையைக் காட்டினார்.

"காலையில எந்திரிச்சதும் இதைத்தான் பாக்குறேன்" என்றார். "நீங்களும் ஒரு தரம் பாத்துடுங்க."

ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கண் மஞ்சள் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. என்னைப் பிடிக்காமல் அவன் மாடியே அதிரும்படி அழ ஆரம்பித்தான். நாங்கள் யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அந்த அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார், அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றோம்.